நான் கத்தரித்த சாட்சி

“...அத்தப் போயி ஏன் சொன்னீங்க உபதேசியாரே? உசுரே போனாலும் போவட்டும்னுதானே நானு அந்தச் சாட்சியக் காப்பாத்திக்கினு இருந்தேன்!”

கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில், நெஞ்சு நோய்க்காரர்களைத் தனியாகப் படுக்க வைத்திருக்கும் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தபடி அஞ்சலை என்னிடம் இதைச் சொன்னாள். ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி இருக்கும். மூக்கையும் வாயையும் மூடியிருந்த ஆக்சிஜன் மூடியை எடுக்கக்கூடாது என்று நர்சம்மா சொல்லியிருந்தார். அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து அதைத் தூக்கிவிட்டு இவ்வளவையும் சொல்லிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டாள். அதன் பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நான் செய்த காரியத்தைச் சொல்லவேண்டும்.

ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, உங்களில் பலபேர் வேதபாடக் கல்லூரியில் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கரும்பு வெட்டிக்கொண்டிருந்த கையால்தான் வேதத்தைப் புரட்டக் கற்றுக்கொண்டேன். போதகர் மாதம் ஒருமுறை வந்துபோகும் ஊர்களில் மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்துவதும், வீடு வீடாகப் போவதும், சாவு விழுந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பதும்தான் உபதேசியாருக்கு வேலை. முப்பத்திரண்டு வருஷம் அதைச் செய்தேன். முதலில் சைக்கிள், பிறகு மொபெட். இப்போது இரண்டு முட்டியும் போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஒரு பேச்சை நன்றாகப் பேசிவிட்டால், சட்டைப் பையில் இருக்கும் நோட்டில் எழுதிக்கொள்வேன். ரிஷிவந்தியம் பஸ்ஸில் ஒரு பெரியம்மா நடத்துநரிடம் சொன்னது முதல் பக்கத்தில் இருக்கிறது: “உள்ள போ, உள்ள போன்றியே, உள்ள இன்னா தனியா ஒரு ஊரா இருக்குது?” பிரசங்கத்துக்கு அந்த நோட்டுதான் எனக்குக் கல்லூரி. எழுதும்போது ஒரு எழுத்தைக்கூட மாற்றமாட்டேன். வாயிலிருந்து வந்தது வந்தபடி இருக்கவேண்டும் என்பதில் எனக்கு அவ்வளவு பிடிவாதம். ஒரே ஒருத்தி பேச்சைத்தான் வாழ்க்கையில் கத்தரித்தேன்.

அதற்கு முன்பே எனக்கு ஒருவர் எச்சரிக்கை கொடுத்திருந்தார். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இரண்டு வருஷம் எனக்கு வேலை. மழை பொய்த்து மரவள்ளி வாடி நின்றது. எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேரைக் கூட்டி மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்தோம். மூன்றாம் நாள் மத்தியானம் கொட்டு கொட்டென்று கொட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாத அறிக்கையில் எழுதுவதற்காக, யார் யார் மரவள்ளிக் கொல்லையில் எவ்வளவு ஈரம் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனேன். நம் சபையைச் சேராத ஒரு விவசாயி, ஒழுகிய கூரைமேல் ஏறி உட்கார்ந்து புல் செருகிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே சொன்னார்:

“மழ என் கொல்லையிலயும் பேஞ்சிது. உங்கள ஊருக்குள்ள வராதன்னு தொரத்தினானே, அவன் கொல்லையில ரவ ஜாஸ்தியாவே பேஞ்சிது. அனுப்பனவரு இது இன்னாருக்குன்னு பேரு எழுதி அனுப்பல. நீங்க ஏன் சாமி எழுதறீங்க?”

சிரித்துவிட்டேன். நோட்டிலும் எழுதிக்கொண்டேன். இரண்டு பிரசங்கங்களில் சொல்லி ஜனங்களைச் சிரிக்க வைத்தேன். மண்டையில் மட்டும் எழுதிக்கொள்ளவில்லை.

மலையிலிருந்து இறக்கி என்னை அஞ்சலையின் ஊருக்குப் போட்டார்கள். தியாகதுருகத்துக்கும் ரிஷிவந்தியத்துக்கும் நடுவில், ரோட்டைவிட்டு உள்ளே இறங்கும் ஊர். தெரு முழுக்கக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அதில் ஒன்பது வீடு நம் சபை. மீதி வீடுகளெல்லாம் அவர்களுடைய சொந்தபந்தம்தான்; மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். அஞ்சலை கரும்புக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தாள். நாற்பது வயசு இருக்கும். அவள் புருஷன் பெங்களூரில் கட்டட வேலை, பண்டிகைக்கு வருவார்.

அந்தச் சபையில் ஆமென் என்றால் அஞ்சலைதான். நான் ஜெபத்தை முடிப்பதற்கு முன்பே அவள் ஆமென் வந்துவிடும், அதுவும் கூரை அதிர. ஒருநாள், “நான் இன்னும் முடிக்கலையேம்மா” என்றேன்.

“நீங்க எங்க முடிக்கறீங்க? நாங்க களவெட்டப் போவ வேணாமா?” என்றாள்.

எதிர் வீட்டில் அவள் ஓரகத்தி குப்பு, அதாவது புருஷனின் தம்பி பெண்சாதி. குப்பு நம் சபை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வாசல் பெருக்கிக்கொண்டே கேட்பாள்: “ஏன்டி, உங்க சாமி இன்னா செவுடா? இம்மாம் கத்து கத்தற?”

“சாமிக்குக் காது நல்லா கேக்குது. உனக்குத்தான் கேக்கல. உனக்கும் சேத்துதான் கத்தறேன்.”

அந்தக் குரல் ஒரு தை மாதத்தில் இறங்கத் தொடங்கியது. இருமல். கரும்புத் தூசி என்று மூன்று மாதம் ஓட்டினாள். சாயந்திரமானால் ஜுரம். ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துப்போனாள். நான்தான் என் மொபெட்டில் உட்கார வைத்துக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துக்கொண்டு போனேன். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும். சளியைச் சோதித்து டிபி என்றார்கள். ஆறு மாதம் ஒருநாளும் விடாமல் மாத்திரை சாப்பிடவேண்டும், நடுவில் நிறுத்தினால் நோய் முரடாகிவிடும், அப்புறம் மருந்து கேட்காது என்று டாக்டரம்மா அவளிடம் ஒருமுறை, என்னிடம் ஒருமுறை சொன்னார். மாத்திரைகளை மாதாமாதம் ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுக்க அரசாங்கத்தில் ஒரு பெண் இருந்தார். தெருவில் அவருக்கு மாத்திரைக்காரம்மா என்று பெயர்.

நானும் சும்மா இல்லை. புதன், வெள்ளி இரண்டு நாளும் உபவாசம் இருந்து அவள் தலையில் கைவைத்து ஜெபித்தேன். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. சோறு இறங்கியது. ஆமென் பழையபடி கூரைக்கு ஏறியது. ஜெபமும் நடந்தது, மாத்திரையும் நடந்தது. இன்றைக்கும் ஜெபத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அன்றைக்கு மாத்திரையைக் குறைத்துச் சொல்லியிருக்கக்கூடாது.

அந்த மாதம் எங்கள் ஊரில் அறுப்பின் பண்டிகை. நம் பண்டிகைகளில் சாட்சி நேரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நன்மை பெற்றவர்கள் முன்னால் வந்து மைக்கைப் பிடித்து நடந்ததைச் சொல்வார்கள். சபை ஆமென் போடும். சுற்று ஊர்களிலிருந்து ஜனம் வரும், வெளி மாவட்டத்திலிருந்து விருந்தாளிகளும் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அஞ்சலையைத்தான் நிறுத்தவேண்டும் என்று முடிவு செய்தேன். முந்தின நாள் மத்தியானம் எங்கள் ஜெபக் கோயில் தாழ்வாரத்தில் ஒருமுறை சொல்லிக் காட்டச் சொன்னேன். அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்:

“உபதேசியாரு வண்டியில ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனாரு. டாக்டரம்மா மாத்திரை குடுத்தாங்க. இன்னும் நாலு மாசம் சாப்புடணும். உபதேசியாரு எனக்காக ஜெபம் பண்ணாரு. இருமல் நின்னுபோச்சி. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.”

ஆறு வாக்கியம். அப்படியே நோட்டில் எழுதியிருக்கவேண்டியவன் நான். அதற்குப் பதில், “நல்லாத்தான் இருக்குதும்மா. ஆனா நடுவுல அந்த ஆஸ்பத்திரி, மாத்திரை அதெல்லாம் வேணாம். நீண்டுபோவும். நேரா ஜெபத்துக்கு வந்துடு” என்றேன்.

“வுட்டுட்டா பொய்யாவாதா உபதேசியாரே?”

“சொல்றதுதாம்மா பொய்யாவும். வுடறது எப்படிப் பொய்யாவும்?”

யோசிக்காமல் வந்த பதில். எழுதிவைத்து மனப்பாடம் செய்ததுபோல நாக்கில் தயாராக இருந்தது. தம்பிகளே, அப்படித் தயாராக வருகிற பதிலுக்குப் பயப்படுங்கள்.

மறுநாள் அவள் நான் சொன்னபடியே சொன்னாள். நோய் வந்தது, ஜெபம் பண்ணினார்கள், இருமல் நின்றது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பந்தல் அப்படியே நிசப்தமாகிவிட்டது. முன்வரிசையில் ஒரு விருந்தாளி போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த நிசப்தம் என்னைத் தூக்கிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். அவள் கையிலிருந்து மைக்கை வாங்கி, “மனுஷன் கை படல! மருந்து படல!” என்று கத்தினேன். ஜனம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. விடுவது பொய்யாகாது என்று முந்தின நாள் சொன்னவன், மறுநாள் பொய்யைச் சொல்லியே விட்டேன். ஐந்து சொல். பொய்ச்சாட்சி கூடாது என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிற அதே வாய்.

அஞ்சலை திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவள் அவள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கேள்விதான் இருந்தது. உபதேசியாரே சொல்லிவிட்டார், அப்படியென்றால் அதுதான் உண்மையோ என்கிற கேள்வி. அப்போது எனக்கு அது புரியவில்லை.

அடுத்த வாரமே நான்கு வீட்டார் ஜெபத்துக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களில் குப்புவும் ஒருத்தி. “மனுஷன் கை படலன்னீங்களே, அதான் வந்தேன். என் முட்டிக்கு எத்தினி பேரு கை பட்டாச்சி, ஒண்ணும் ஆவல” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அந்த மாதம் மாத்திரைக்காரம்மாவின் ஸ்கூட்டர் வந்து ஹாரன் அடித்தபோது தெருவே வாசலுக்கு வந்து பார்த்ததாம். குப்பு விகற்பமில்லாமல் கேட்டிருக்கிறாள்: “சொகமாயிட்டன்னு மைக்குல சொன்னியே, இது இன்னாத்துக்குடி?” அஞ்சலை வாங்கியதை முந்தானையில் மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுமாதத்திலிருந்து ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்று மாத்திரையை வாங்கிக்கொண்டாள். வாங்கியதைச் சாப்பிடவில்லை. மாத்திரை வாய்க்குள் போனால், தான் சொன்ன சாட்சி பொய். சாட்சி பொய்யானால் உபதேசியார் பொய். உபதேசியார் பொய்யானால், அதை நம்பி வந்திருக்கும் நான்கு வீட்டுக்கும் என்ன ஆகும்? இதெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்தது. நான் உண்டாக்கிய பொய்யை மெய்யாக்குவதற்கு அவளிடம் ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியில் அவள் போய்க்கொண்டிருந்தாள்.

தடுக்க எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கதையையே எடுத்தேன். மூன்று மாதம் கழித்து, தியாகதுருகம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் மாத்திரைக்காரம்மா என்னைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரை நிறுத்தினார்.

“சார், உங்க அஞ்சலை மாத்திரை கரெக்டா வாங்கிக்கறாங்க. ஆனா எடை ஏறல. திரும்ப இருமறாங்க. முழுங்கறாங்களான்னே எனக்குச் சந்தேகமா இருக்குது. நான் கேட்டா தலையத் தலைய ஆட்டறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க சார்.”

அன்றைக்கு வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அந்த நான்கு வீட்டுக்கும் ஞானஸ்நானம். போதகர் வருகிறார். நேராக அஞ்சலை வீட்டுக்குத்தான் போனேன். ஆனால் அங்கே நான்கு வீட்டுப் பெண்களும் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பி வெளியே அனுப்பியிருக்கலாம். அவளைத் தெருமுனைக்குக் கூப்பிட்டிருக்கலாம். அல்லது அவர்கள் எதிரிலேயே, ‘மாத்திரை சாப்பிட்டுத்தான் இவள் சுகமானாள், நான்தான் மறைத்தேன்’ என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? குரலைத் தாழ்த்தி, சாதாரணமாக விசாரிப்பதுபோல, “மாத்திரையெல்லாம் ஒழுங்கா நடக்குதாம்மா?” என்று கேட்டேன்.

“வாங்கி பத்தரமா வெச்சிக்கினு இருக்கேன் உபதேசியாரே” என்றாள்.

அவள் பொய் சொல்லமாட்டாள். அப்போதும் சொல்லவில்லை. அடுத்து ஒரே ஒரு கேள்விதான் பாக்கி இருந்தது: ‘சாப்பிடறியா?’ அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குள் ஒரு இடத்துக்குத் தெரிந்திருந்தது, அதனால் கேட்கவில்லை. “சந்தோஷம்மா” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் பாட்டு வேறு பாடிக்கொண்டு போனேன்.

ஞானஸ்நானம் நன்றாக நடந்தது. குப்பு வெள்ளைப் புடவையில் தலை நனைந்து நின்றபோது, “இப்ப நீயும் கத்தலாம்டி” என்று அஞ்சலை கேலி செய்தாள். சொல்லிவிட்டு இருமினாள். வெகுநேரம் இருமினாள்.

இரண்டு மாதம் போனது. மரவள்ளிக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் குத்துக்காலிட்ட மேனிக்கு ரத்தமாகக் கக்கினாள். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அவளுக்கு மாற்றுத் துணி எடுத்துவர நானும் குப்புவும் வீட்டைத் திறந்தோம். தகரப் பெட்டியில் கிறிஸ்துமஸ் புடவை. அதன் மடிப்புக்குள் மாத்திரை அட்டைகள், மாதவாரியாக நூல் போட்டுக் கட்டி, ஒரு மாத்திரைகூடப் பிதுக்காமல். மேலே, புதுவருஷ ஆராதனையில் நான் அவளுக்கு எடுத்துக் கொடுத்த, வேதவசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை. பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொன்னாளே, பத்திரமாகத்தான் வைத்திருந்தாள்.

குப்பு என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். தெருவே கேட்கிற மாதிரி திட்டியிருந்தால் அதை நான் தாங்கியிருப்பேன். அவள் அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நூலைப் பிரித்து அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“மாத்திரையும் சாப்புட்டுக்கினு வேண்டிக்கவும் வேண்டிக்கலாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, நாங்க இன்னா வேணாம்னா சொல்லியிருக்கப்போறோம்?”

நோட்டு சட்டைப் பையில்தான் இருந்தது. எழுதக் கை வரவில்லை.

இரண்டு நுரையீரலும் போய்விட்டன, நோய் மருந்துக்கு முரடாகிவிட்டது, எங்களால் ஆனதைப் பார்க்கிறோம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். சனிக்கிழமை கள்ளக்குறிச்சியில் போதகர் வீட்டுக்குப் போனேன். என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டவர் அவர்தான். அதிகம் பேசமாட்டார். வாசலில் குடைக்கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்குச் சபையில் அறிக்கை செய்யப் போகிறேன் என்றேன். என்னைத் தடுப்பார் என்று நினைத்தேன். தடுக்கட்டும் என்றுகூட நினைத்திருப்பேன்.

“சொல்லு” என்றார். கம்பியை நிமிர்த்திக்கொண்டே, “சொல்லும்போது அழுதுடாத” என்றார்.

“ஏங்க ஐயா?”

“நீ அழுதா எல்லாரும் உன்னத்தான் பாப்பாங்க. அவளப் பாக்கமாட்டாங்க.”

இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருந்தாலே போதுமாயிருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றேன். மொபெட்டைச் சொன்னேன், மாத்திரையைச் சொன்னேன், கத்தரித்ததைச் சொன்னேன், மைக்கில் கத்தியதைச் சொன்னேன். தகரப் பெட்டிக்கு வந்தபோது அழுதுவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவ்வளவுதான். சபை உருகிவிட்டது. “அல்லேலூயா” என்று ஒரு குரல் வந்தது. அப்புறம் பல குரல்கள். நான் சொன்னது அவர்கள் காதில் இன்னொரு சாட்சியாகப் போய் விழுந்தது. முடிந்ததும் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர், “இப்படி ஒரு தாழ்மைய நானு பாத்ததே இல்லீங்க” என்றார். இன்னொரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, “நம்ம உபதேசியாரு ஜெபத்துக்கு ஆவாதது எதுவும் இல்ல, அஞ்சலை எழுந்து வந்துடுவா பாருங்க” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். நான் எதை இடிக்க நின்றேனோ, அதன்மேலேயே இன்னொரு வரிசைக் கல் வைத்துவிட்டு இறங்கியிருக்கிறேன். குப்பு மட்டும் வாசலில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துப்போக நேரமாகிவிட்டது என்று பிளாஸ்கோடு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள்தான் அந்தத் திங்கட்கிழமை. அதே வாரம் வெள்ளிக்கிழமை அஞ்சலையை அடக்கம் செய்தோம். குழியோரத்தில் என்னைப் பேசச் சொன்னார் போதகர். அவள் தாழ்வாரத்தில் சொல்லிக் காட்டிய அந்த ஆறு வாக்கியத்தையும் ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். இந்த முறை அழவில்லை. கேட்க வேண்டியவள் பெட்டிக்குள் இருந்தாள். பெங்களூரிலிருந்து வந்திருந்த அவள் புருஷன், “இன்னும் நாலு மாசம்” என்று வந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இன்றுவரை என்னிடம் அவர் ஒன்றும் கேட்டதில்லை.

அந்த விருந்தாளி எடுத்த படம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அது சாகவில்லை. போன மாதம்கூட, எனக்கு முன்பின் தெரியாத ஒருவர் என் போனுக்கு அனுப்பினார். பின்னால் இசை சேர்த்திருக்கிறார்கள். அஞ்சலை பேசுகிறாள், நான் மைக்கைப் பிடுங்குகிறேன், ஜனம் ஆர்ப்பரிக்கிறது. கீழே ‘மருந்தே இல்லாமல் சுகம்! பத்துப் பேருக்கு அனுப்புங்கள்’ என்று எழுத்து. இந்தச் சகோதரி மாத்திரையை நிறுத்தியதால் இறந்துபோனாள், தயவுசெய்து இதை அழித்துவிடுங்கள் என்று பதில் எழுதினேன். கும்பிடுகிற கைப்படம் ஒன்று வந்தது. அதோடு, ‘அவர்கள் ஆண்டவருக்குள் இளைப்பாறுகிறார்கள், ஸ்தோத்திரம்’ என்றும் வந்தது. எத்தனை ஊரில் எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டு, அட்டையைப் பிதுக்காமல் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஒரு சொல்லை வாயிலிருந்து விட்டால் அது நம்மைவிட நீண்ட நாள் இருக்கும் போலிருக்கிறது.

உங்களுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று பார்க்கிறேன். என்னிடம் இல்லை. ஆண்டவர் மன்னிப்பார் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன்தான். எனக்கென்று சொல்லிக்கொள்ளும்போது மட்டும், அதிலும் எதையோ கத்தரித்துவிட்டுச் சொல்கிறேனோ என்று சந்தேகம் வந்துவிடுகிறது. உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஜனங்கள் சாட்சி சொல்லும்போது குறுக்கே கை வைக்காதீர்கள். அதில் மாத்திரை இருக்கட்டும், டாக்டரம்மா இருக்கட்டும், பஸ் தவறிப்போனது இருக்கட்டும். அதெல்லாம் இருந்தால் அவருடைய மகிமை குறைந்துவிடும் என்று நினைக்கிறோம் பாருங்கள், அப்போது அவரை நாம்தான் சின்னவராக்குகிறோம். கூரைமேல் உட்கார்ந்து புல் செருகிக்கொண்டிருந்த அந்த மலைக்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். முகத்தில் துணி கட்டிக்கொண்டு வார்டுக்குள் போனேன். ஒரு துண்டை நெஞ்சுவரை போர்த்திக்கொண்டு, ஆஸ்பத்திரி நைட்டியில் குழந்தை மாதிரி கிடந்தாள் அஞ்சலை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெரிய நல்ல செய்தி கொண்டுவந்தவன்போலச் சொன்னேன்: “நேத்து சபையில சொல்லிட்டேம்மா. நீ மாத்திரை சாப்புட்டுத்தான் சொகமான, நாந்தான் அத்த மறைச்சேன், பொய் சொன்னதெல்லாம் நானுன்னு எல்லாருக்கும் எதிர சொல்லிட்டேன். இனிமே யாருக்கும் பயப்படாத. தைரியமா மாத்திரை சாப்புடு.”

அப்போதுதான் மூடியைத் தூக்கி அதைச் சொன்னாள். அத்தப் போயி ஏன் சொன்னீங்க என்று.

அவள் தன் உயிரைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்ததை, என் மனப்பாரம் இறங்கவேண்டும் என்று போட்டு உடைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அவள் இதற்கு மேல் எதை நம்பி மூச்சு விடுவாள்? “மன்னிச்சிடும்மா” என்றேன். மூடிக்குள் அவள் மூச்சு வெள்ளையாகப் படிந்து படிந்து கலைந்துகொண்டிருந்தது. திட்டுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள், போ என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். எதையும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

அஞ்சலை போர்த்தியிருந்த துண்டை மெதுவாக மேலே இழுத்துத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடினாள். நான் ஜெபம் செய்யவேண்டும். என் வாயில் ஒரு சொல்லும் இல்லை. அவள் ஒரு கையால் அந்த மூடியை, ஆமென் சொல்ல வாய்க்கு வழிவிட்டு, தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.